வாட்சனுக்குக் குண்டு பட்டது எங்கே?

ஜான் வாட்சனுக்குக் குண்டு பட்டது தோளிலா, காலிலா?

1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், ஆப்கானிஸ்தானில் மைவாண்ட் போர்க்களத்தில் வாட்சனின் தோளில் குண்டு பாய்ந்ததாக ஆர்தர் கோனன் டாயில் எழுதினார். 1890-இல் 'தி சைன் ஆஃப் ஃபோர்' வந்தபோது காயம் காலில் இருந்தது. டாயில் அதைத் திருத்தவே இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள்தான் அவருக்காக விளக்கம் தேடினார்கள். இரண்டு குண்டு பட்டிருக்கும் என்றார்கள் சிலர். வாட்சன் குனிந்திருந்த நேரத்தில் ஒரே குண்டு இரண்டு இடத்தையும் தொட்டுப் போயிருக்கும் என்றுகூட வாதாடிப் பார்த்தார்கள்.

2010 ஜூலை 25 அன்று பிபிசி ஒன்றில் 'ஷெர்லக்' தொடரின் முதல் அத்தியாயம் வந்தது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஷெர்லக், மார்ட்டின் ஃப்ரீமன் ஜான். இந்த ஜானும் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவன்தான். கைத்தடி ஊன்றி நொண்டி நொண்டி நடக்கிறான். காயமோ தோளில். கால் நோவுக்குக் காரணம் உடம்பில் இல்லை, மனத்தில் இருக்கிறது. ஷெர்லக் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுகிறான்: நடக்கும்போது அவ்வளவு நொண்டுகிறவன், நிற்கும்போது நாற்காலி கேட்கவில்லையே! அன்று இரவு லண்டன் தெருக்களில் ஒரு டாக்சியைத் துரத்திக்கொண்டு இருவரும் ஓடுகிறார்கள். ஜானின் கைத்தடி உணவகத்திலேயே கிடக்கிறது. எடுக்க மறந்துபோய் ஓடியிருக்கிறான்.

இந்த ஒரு இடத்துக்காகவே அந்தத் தொடரை நான் நேசிக்கிறேன். 120 வருடத்துப் பிழை ஒன்றை எடுத்து, மூடி மறைக்காமல், அதையே ஒரு மனிதனின் வலியாக மாற்றியிருக்கிறார்கள். பழைய கதை தெரியாதவருக்கு அது நல்ல காட்சி. தெரிந்தவருக்கோ எழுத்தாளர்கள் திரைக்கு அப்பாலிருந்து கைகுலுக்கியது போல இருக்கும்.

இந்தப் பதிவு முழுக்க அந்தக் கைகுலுக்கலைப் பற்றித்தான். கதையின் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடர்களில் பிழை கண்டுபிடிப்பதைப் பலர் வேலையற்ற வேலை என்கிறார்கள். ஹோம்ஸ் விஷயத்தில் இது ஒரு பெரிய மரபு. 1911-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் என்ற இளைஞர் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். வேதாகமத்தை அறிஞர்கள் எப்படி வரிவரியாக ஆராய்கிறார்களோ, அதே முறையில், அதே முகபாவத்தோடு ஹோம்ஸ் கதைகளில் உள்ள முரண்களை ஆராய்ந்தார். டாயிலே அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கதைகளைப் பற்றித் தன்னைவிட நாக்ஸுக்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்று வியந்தார். அங்கே தொடங்கியதுதான் ரசிகர்கள் இன்றும் 'ஆட்டம்' என்று அழைப்பது. ஆட்டத்துக்கு விதி ஒன்று உண்டு. ஹோம்ஸும் வாட்சனும் உண்மையிலேயே வாழ்ந்தவர்கள். எழுதியவர் வாட்சன். டாயில் வெறும் இலக்கிய முகவர். ஆகவே எழுத்தாளர் மறந்துவிட்டார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு முரணுக்கும் கதைக்குள்ளேயே ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

டாயில் இந்த ஆட்டத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார். நான்கு நாவல், 56 சிறுகதை, எங்கே தொட்டாலும் ஏதோ ஒன்று உதிரும். 'செந்தலையர் சங்கம்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் வந்த பத்திரிகையின் தேதி 1890 ஏப்ரல் 27. அது வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்கிறார் வாட்சன். ஆனால் சங்கம் கலைக்கப்பட்டதாகக் கதவில் ஒட்டிய அறிவிப்பில் இருப்பது அக்டோபர் 9. போதாததற்கு, அன்று சனிக்கிழமை என்று ஹோம்ஸ் சொல்கிறார். 1890 அக்டோபர் 9 வியாழக்கிழமை. துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸ் இந்தத் தேதிச் சிக்கலுக்கென்றே தனிக் கட்டுரை எழுதினார்.

'புள்ளி போட்ட பட்டை' கதையில் இந்தியாவிலிருந்து வந்த சதுப்பு விரியன் என்றொரு பாம்பு வருகிறது. தட்டில் பால் குடிக்கிறது, விசில் அடித்தால் வருகிறது, மணிக்கயிறு பிடித்து ஏறி இறங்குகிறது. அப்படி ஒரு இனமே கிடையாது. பால் விஷயத்தில் மட்டும் டாயிலைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊரில் வளர்ந்தவள் நான்.

சேயர்ஸ் செய்த இன்னொரு காரியம்தான் பிபிசி தொடருக்கு நேரடியாக வந்து சேர்கிறது. 1891-இல் வெளியான 'முறுக்கிய உதட்டு மனிதன்' கதையில் வாட்சனின் மனைவி அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். அவர் பெயரோ ஜான் ஹெச். வாட்சன். கட்டிய மனைவி கணவன் பெயரை மறப்பாளா? அந்த ஹெச் என்ற எழுத்து ஹேமிஷ் என்பதன் சுருக்கம் என்றார் சேயர்ஸ். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸுக்கு வழங்குகிற வடிவம் ஹேமிஷ். ஆக, மனைவி செல்லமாக அவரது நடுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். டாயிலின் கை தவறிய இடத்தில் ஒரு ரசிகை வாட்சனுக்குப் பெயர் வைத்துவிட்டார்! 2012-இல் 'எ ஸ்கேண்டல் இன் பெல்கிரேவியா' அத்தியாயத்தில் ஜான் தன் முழுப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறான், ஜான் ஹேமிஷ் வாட்சன் என்று. பிழை, விளக்கம், பிறகு அதிகாரபூர்வமான பெயர். அந்த இடத்தில் நான் சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன். என் தங்கை என்ன ஏது என்று புரியாமல் பார்த்தாள்.

தங்கையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சினிமாவில் உதவி இயக்குநராக இருந்தவள். கண்டினியூட்டி பார்க்கிற வேலை நம் படப்பிடிப்புகளில் உதவி இயக்குநர்கள் தலையில்தான் விழும். நாயகன் சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, டீ கிளாஸில் எவ்வளவு மிச்சம் இருந்தது, வாட்ச் எந்தக் கையில், எல்லாவற்றையும் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வெளியே நடக்கிற காட்சியை இன்று எடுப்பார்கள். அதே கதவைத் திறந்து உள்ளே வருகிறதை மூன்று வாரம் கழித்து வேறு ஊரில் எடுப்பார்கள். 'ஷெர்லக்' தொடரும் அப்படித்தான். 221பி பேக்கர் தெரு என்று நாம் பார்க்கிற வாசல் லண்டனில் நார்த் கோவர் தெருவில் இருக்கிறது. உள்ளே இருக்கும் அறைகள் வேல்ஸில் போட்ட செட். நமக்கு இரண்டு நொடியில் கடந்துபோகிற கதவு அவர்களுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல்.

அதனால் அவள் கண்ணில் எல்லாம் பிழையாகத்தான் படும். என் கண்ணில் எல்லாம் தடயம்.

"அக்கா, அது சும்மா கண்டினியூட்டி மிஸ்டேக். ரெண்டு நாள்ல எடுத்திருப்பாங்க, அவ்ளோதான்."

"ஏன்டி, வேணும்னே வச்சிருக்கக் கூடாதா?"

"வேணும்னே வச்சா நமக்குத் தெரியற மாதிரி வைப்பாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஏற்கவே மாட்டேன். நல்ல தடயம் தெரிகிற மாதிரியும் இருக்கும், தெரியாத மாதிரியும் இருக்கும். 'பெல்கிரேவியா' அத்தியாயத்தில் ஐரீன் ஆட்லர் என்ற பெண்ணின் செல்போனைத் திறக்க நான்கெழுத்துக் கடவுச்சொல் வேண்டும். திரையில் 'ஐ ஆம்' என்று ஒரு சொற்றொடர், நடுவில் நான்கு கட்டம், பிறகு 'லாக்டு'. அந்த போன் திரும்பத் திரும்ப முழுத் திரையில் நம் கண்முன்னே வருகிறது. நான்கு கட்டத்தில் ஆங்கிலத்தில் 'ஷெர்' என்று நிரப்பினால் ஷெர்லக் என்ற பெயரும் ஐரீனின் மனமும் சேர்ந்து வெளிப்படும். கேமரா எதையும் ஒளிக்கவில்லை. விடை தெரிந்ததும் முதலில் நமக்கு வருவது கோபம்தான், கண்ணெதிரே இருந்ததைக் கோட்டை விட்டோமே என்று. அடுத்து வருவது சந்தோஷம். இந்த வரிசையில் வந்தால் அது நேர்மையான தடயம். முதலில் சலிப்பு வந்தால் ஏமாற்று வேலை.

இப்போது 2012 ஜனவரி 15-க்கு வருகிறேன். 'த ரைக்கன்பாக் ஃபால்'.

லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் மாடி விளிம்பில் ஷெர்லக் நிற்கிறான். கீழே தெருவில் ஜான். போனில் பேசிவிட்டு ஷெர்லக் குதிக்கிறான். ஜான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறான், நாடி இல்லை. அடக்கம் செய்கிறார்கள். கடைசி நொடியில், கல்லறைக்குத் தள்ளி உயிரோடு நிற்கிறான் ஷெர்லக். அத்தியாயம் முடிந்துவிட்டது. விடைக்கு நாங்கள் 2014 ஜனவரி 1 வரை காத்திருந்தோம்.

அந்த இரண்டு ஆண்டுகள் போல ஒரு காலம் தொலைக்காட்சி பார்க்கிற எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் அந்தச் சில நிமிடங்களை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஜானை ஏன் அதே இடத்தில் நிற்கச் சொன்னான்? ஜானுக்கும் விழுந்த இடத்துக்கும் நடுவில் ஒரு தாழ்வான கட்டடம் இருக்கிறது, தரையைத் தொடுகிற நொடி அவன் கண்ணுக்குத் தெரியாது. சரியாக அந்த நேரத்தில் ஒரு சைக்கிள்காரன் ஏன் ஜானை இடித்துத் தள்ள வேண்டும்? ஓரத்தில் மூட்டைகளோடு நின்ற லாரி ஏன் உடனே கிளம்பிப் போகிறது? முந்தைய இரவு பிணவறையில் வேலை செய்யும் மாலியிடம் போய் ஷெர்லக் உதவி கேட்டது எதற்கு? ஆய்வகத்தில் ஒரு ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தானே, அதை அக்குளில் அழுத்தி வைத்தால் மணிக்கட்டில் நாடி நிற்குமே! கடத்தப்பட்ட சிறுமி ஷெர்லக்கைப் பார்த்ததும் ஏன் அலறினாள், அவனைப் போலவே இன்னொருவன் இருக்கிறானா? போன அத்தியாயத்தில் பாஸ்கர்வில்லில் வந்த மயக்கப் புகை ஜான்மேல் மறுபடி பாய்ச்சப்பட்டதா?

தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவன் மாஃபட் எரிகிற அடுப்பில் நெய் ஊற்றினார். எல்லோரும் தவறவிட்ட தடயம் ஒன்று இருக்கிறது, ஷெர்லக் தன் இயல்புக்கு மாறாக ஒன்று செய்தான், அதை யாரும் கவனிக்கவில்லை என்று பேட்டியில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அவன் அழுதான், அதுதான் என்றேன் நான். உதவி கேட்டான், அதுதான் என்றாள் தங்கை. சைக்கிள்காரன்? "படப்பிடிப்புல அப்படி யாரும் தற்செயலா வர மாட்டாங்க அக்கா. ரோட்டை மறிச்சுத்தான் எடுப்பாங்க. அவன் வந்தான்னா சம்பளம் கொடுத்து வரவச்சிருக்காங்க." பிழைக்காரியாக இருந்தவள் தடயத்தின் பக்கம் வந்து நின்ற நாள் அது. தொழில் தெரிந்தவள் சொன்ன அந்த வாதம் எனக்கு இன்றும் பிடிக்கும். தெருவில் தற்செயல் உண்டு. செலவழித்து எடுத்த காட்சியில் அது கிடையாது. வெட்டாமல் விட்ட ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

அதே அத்தியாயம் எங்களை எச்சரிக்கவும் செய்தது என்பதைப் பிறகுதான் கவனித்தோம். 221பி-க்குத் தேநீர் குடிக்க வந்த, ஷெர்லக்கின் எதிரி மோரியார்ட்டி தொடையில் விரலால் தாளம் போடுகிறான். எந்தப் பூட்டையும் திறக்கிற கணினிச் சங்கேதம் அந்தத் தட்டலில்தான் இருக்கிறது என்று ஷெர்லக் பிடித்துக்கொள்கிறான். பிறகு மருத்துவமனை மாடியில் மோரியார்ட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறான். சங்கேதமே கிடையாது, அது பாக் என்ற இசைமேதையின் பார்ட்டிட்டா ஒன்று. உலகத்தின் மிகச் சிறந்த துப்பறிவாளனை வெறும் தாளம் ஏமாற்றியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் பொருள் இருந்தாக வேண்டும் என்று அவன் நம்பியதால். எங்களுக்காகவே எழுதியதுபோல இருந்தது அந்த வசனம்.

2014 புத்தாண்டு அன்று 'தி எம்ப்டி ஹியர்ஸ்' வந்தது. பிரிட்டனில் மட்டும் 90 லட்சத்துக்கும் அதிகமானோர் அன்றிரவே பார்த்தார்கள். அதில் ஷெர்லக் பிழைத்ததற்கு ஒன்றல்ல, மூன்று விளக்கம். முதலாவதில் இடுப்பில் கயிறு கட்டிக் குதித்து ஜன்னல் வழியே உள்ளே பாய்கிறான். மந்திரவித்தைக்காரர் டெர்ரன் பிரௌன் வந்து ஜானை மயக்குகிறார். இரண்டாவது ஒரு ரசிகையின் காதல் கற்பனை. மூன்றாவதை ஷெர்லக்கே, தான் பிழைத்த விதத்தை விடாமல் ஆராய்கிற ஆண்டர்சனிடம் சொல்கிறான்: கீழே காற்றடைத்த பெரிய மெத்தை, ஜான் வருவதற்குள் அதை இழுத்துவிடுவது, தாமதப்படுத்த சைக்கிள்காரன், அக்குளில் ஸ்குவாஷ் பந்து, தன்னைப் போலிருந்த ஒருவனின் சடலம், மாலி. நாங்கள் பிடித்திருந்த பாதிக்கு மேல் சரி! பந்து, சைக்கிள், சிறுமி அலறியது, தாழ்ந்த கட்டடம், எல்லாம் உள்ளே இருந்தன.

ஆண்டர்சனோ திருப்தியடையவில்லை. தானாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்கிறான். ஜான் சரியாக அந்த இடத்தில்தான் நிற்பான் என்று எப்படித் தெரியும் என்று ஓட்டை பிடிக்கிறான். பிறகு, இதையெல்லாம் தன்னிடம் வந்து ஏன் சொல்ல வேண்டும் என்று சந்தேகப்படுகிறான். கடைசியில் சுவரில் ஒட்டிய காகிதங்களை எல்லாம் கிழித்தெறிகிறான்.

பல ரசிகர்களுக்கு அது கோபம். எங்களைக் கேலி செய்கிறார்கள் என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, இன்றும் பார்ப்பதில்லை. மாஃபட்டும் மார்க் கேட்டிஸும் 'டாக்டர் ஹூ' வேலைக்காக லண்டனுக்கும் கார்டிஃபுக்கும் ரயிலில் போய்வரும்போது ஹோம்ஸைப் பற்றிப் பேசிப் பேசியே இந்தத் தொடருக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களும் ஆட்டம் ஆடி வளர்ந்தவர்கள்தான். ஹேமிஷைக் கொண்டுவந்தவர்களுக்கு ரசிகனைக் கேலி செய்ய மனம் வராது. ஆண்டர்சன் என்பது அவர்களேதான். எந்த விடை சொன்னாலும் இரண்டு வருடக் கற்பனைக்கு முன் அது சின்னதாகத்தான் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இருக்கிற ஒரே குறை வேறு. மாஃபட் சொன்ன அந்த இயல்புக்கு மாறான செயல் எது என்று அத்தியாயம் எங்கும் விரல்வைத்துக் காட்டவில்லை. தடயம் என்று வாய்திறந்து சொன்னபிறகு அதைக் காட்டுவது கடன்.

அதே அத்தியாயத்தில் சுரங்க ரயில் பிழையும் உண்டு. டிஸ்ட்ரிக்ட் பாதையில் போகிற வண்டி என்கிறார்கள், காட்டுகிற பெட்டியோ அந்தப் பாதையில் ஓடாத வகை. லண்டன் ரயில் பிரியர்கள் விடுவார்களா, உடனே பிடித்துவிட்டார்கள். இதை யாரும் தடயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கதையின் எந்த நரம்போடும் அது சேரவில்லை. ரசிகர்களுக்கு எல்லாமே தடயமாகத் தெரியும் என்கிற குற்றச்சாட்டு எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த துப்பறிதல். 2014 ஜனவரி 12-இல் வந்த 'ஹிஸ் லாஸ்ட் வவ்' அத்தியாயத்தில் அண்ணன் மைக்ராஃப்ட், சகோதரப் பாசம் தனக்குக் கிடையாது, இன்னொருவருக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமே என்கிற அர்த்தத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்வார். இன்னொருவரா? மூன்றாவது உடன்பிறப்பு உண்டா? ரசிகர்கள் நேராகப் பழைய புத்தகங்களுக்குப் போனார்கள். ஹோம்ஸுக்கு டாயில் முதலில் யோசித்துக் குறித்துவைத்த பெயர் ஷெரின்ஃபோர்ட். 1962-இல் பேரிங்-கூல்ட் எழுதிய ஹோம்ஸ் வாழ்க்கை வரலாற்றில் மூத்த அண்ணனின் பெயர் ஷெரின்ஃபோர்ட். ஆக மூன்றாவது சகோதரன் ஷெரின்ஃபோர்ட் என்று முடிவு கட்டினார்கள். 2016-இல் சான் டியேகோவில் நடந்த காமிக்-கான் விழாவில் தொடர்க்காரர்கள் அடுத்த பருவத்துக்கு மூன்றே சொல் கொடுத்தார்கள்: தாட்சர், ஸ்மித், ஷெரின்ஃபோர்ட். எங்கள் வீட்டில் கொண்டாட்டம்.

2017-இல் ஷெரின்ஃபோர்ட் வந்தது. அது ஆளல்ல, தீவில் இருக்கிற சிறை. உள்ளே இருப்பது அண்ணன் அல்ல, தங்கை. பெயர் யூரஸ். கிரேக்கத்தில் கிழக்குக் காற்றுக்கு அந்தப் பெயர். கிழக்குக் காற்று 'ஹிஸ் லாஸ்ட் வவ்' அத்தியாயத்தின் முடிவிலேயே வந்துவிட்டது. மூலம் டாயில் 1917-இல் எழுதிய 'ஹிஸ் லாஸ்ட் பௌ' கதை. எங்களுக்குத் தெரிந்த பெயரைக் கொடுத்து எங்களையே திசை திருப்பி, விடையைக் காற்றில் வைத்திருந்தார்கள். யூரஸும் அந்தப் பருவத்தின் முதலிலிருந்தே கண்முன் இருந்தாள். பேருந்தில் ஜானைப் பார்த்துச் சிரித்த பெண், ஷெர்லக்கிடம் உதவி கேட்டு வந்த ஃபெய்த், ஜானின் மனநல ஆலோசகர், மூவரும் ஒரே ஆள், ஒரே நடிகை, ஷான் புரூக். நானும் என் தங்கையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ரெட்பியர்ட் விஷயமும் அப்படி. சின்ன வயதில் ஷெர்லக் இழந்த நாய் என்று இத்தனை காலம் நம்பியிருந்தது நாயே அல்ல, விக்டர் டிரெவர் என்ற சிறுவன். டாயிலின் 'குளோரியா ஸ்காட்' கதையில் ஹோம்ஸின் கல்லூரி நண்பன் விக்டர் டிரெவர். அந்த நட்பு எப்படித் தொடங்கியது தெரியுமா? அவனுடைய நாய் ஹோம்ஸின் கணுக்காலைக் கடித்ததால். நாயும் நண்பனும் 1893-லேயே சேர்ந்து வந்தவர்கள். இது முதலிலேயே திட்டமிட்டதா, நடுவில் தோன்றியதா என்று தங்கை கேட்பாள். எனக்கு அந்தக் கேள்வியே முக்கியமில்லை. முன்னால் வைத்ததைப் பின்னால் மதித்திருக்கிறார்கள். அது போதும்.

இத்தனை நுணுக்கமானவர்கள் கையிலிருந்து 2017 ஜனவரி 15-இல் 'த ஃபைனல் ப்ராப்ளம்' வந்தது. அதனால்தான் வலித்தது.

முந்தைய வாரம் யூரஸ் ஜானை நோக்கிச் சுடுகிறாள், திரை இருள்கிறது. இந்த வாரம், அது மயக்க ஊசி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். 221பி-க்குள் வெடிகுண்டு வெடிக்கிறது, ஷெர்லக்கும் ஜானும் ஜன்னல் வழியே பாய்கிறார்கள், அடுத்த காட்சியில் படகில். ஒரு கீறல் இல்லை. கடைசியில் ஜானைக் கணுக்காலில் சங்கிலியால் பிணைத்துக் கிணற்றுக்குள் விட்டிருக்கிறாள். தண்ணீர் ஏறுகிறது. யூரஸ் மனம் மாறியதும் மேலிருந்து ஒரு கயிறு விழுகிறது. கயிறு சரி, சங்கிலி? காலில் சங்கிலி இருக்க, கயிறு எதற்கு?

இவ்வளவு ஓட்டைகளைப் பார்த்த ரசிகர்களில் ஒரு பகுதியினர், இது பிழையாக இருக்கவே முடியாது என்று முடிவு செய்தார்கள். முந்தைய ஆண்டுதான் 'தி அபாமினபிள் பிரைட்' வந்திருந்தது. அதில் விக்டோரியா காலத்துக் கதை கிட்டத்தட்ட முழுவதும் ஷெர்லக்கின் மனத்துக்குள் நடந்தது. அப்படியானால் இதுவும் சுடப்பட்ட ஜானின் மனத்துக்குள் நடப்பதாக இருக்கலாம் அல்லவா? உண்மையான கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லை, ரகசியமாக நான்காவது ஒன்று இருக்கிறது என்று நம்பினார்கள். டாயில் 1898-இல் 'த லாஸ்ட் ஸ்பெஷல்' என்று காணாமல்போன ரயிலைப் பற்றி எழுதிய கதைகூட அதற்குச் சான்றாக வந்தது. அடுத்த ஞாயிறு, ஜனவரி 22, அதே இரவு நேரத்தில் பிபிசி 'ஆப்பிள் ட்ரீ யார்ட்' என்ற புதுத் தொடரைத் தொடங்கியது. அது ஒரு திரை, நடுவில் ஷெர்லக் வருவான் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அது லூயிஸ் டௌட்டியின் நாவலிலிருந்து எடுத்த, எமிலி வாட்சன் நடித்த, தனியான நல்ல தொடர்.

அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே ஒரு முரணுக்குள் ஒரு மனிதனின் காயத்தை வைத்துக் காட்டியவர்கள், சைக்கிள்காரனுக்குக்கூடக் காரணம் வைத்தவர்கள், எங்கள் கண்களை இப்படிப் பழக்கியவர்கள் அவர்கள்தான். பழகிய கண், சங்கிலியைப் பார்த்ததும் காரணம் தேடுவது நியாயம். பிழையும் தடயமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். எது எது என்று பிரிப்பது எழுதியவர்மேல் நமக்கிருக்கிற நம்பிக்கை. அந்த ரசிகர்கள் கடைசிவரை அந்த நம்பிக்கையைக் கைவிடவில்லை, அவ்வளவுதான். டாயிலின் பிழைகள் எனக்கு வலிக்காததற்கும் காரணம் இதுதான். அவர் மாதாமாதம் பத்திரிகைக்கு எழுதினார், தேதி பார்க்கச் சொல்லி நம்மை ஒருபோதும் அழைக்கவில்லை. 'சில்வர் பிளேஸ்' கதையில் குதிரைப் பந்தய விதிகள் தாறுமாறு என்று பின்னால் தன் நினைவுக்குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டார். மாஃபட்டும் கேட்டிஸும் அப்படியல்ல. உற்றுப் பார், ஒவ்வொரு பிரேமையும் பார் என்று கூப்பிட்டவர்கள். கூப்பிட்டவர்கள் சங்கிலியை விடலாமா?

தங்கை இன்னும் சண்டைக்கு வருவாள். "போலீஸ் இறங்கி அறுத்திருப்பாங்க அக்கா. கயிறு விழறது முதல் ஷாட், அதோட வெட்டிட்டாங்க. சங்கிலி அறுக்கறதைக் காட்டினா அந்த இடத்துல உணர்ச்சி செத்துப்போயிடும்." எடிட்டிங் மேசையில் அது சரியான வாதம், மறுக்க மாட்டேன். ஆட்டத்தின் விதிப்படியும் அது நல்ல விளக்கம்தான், கதைக்குள்ளேயே இருக்கிற காரணம். ஆனாலும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. தண்ணீர் ஜானின் கழுத்தை நெருங்கிக்கொண்டிருந்தது, கருவி எடுத்து ஆள் இறங்கி அறுக்க நேரம் எங்கே என்று கேட்டிருக்கிறேன். அவள் அந்தக் காட்சியில் தண்ணீர் ஏறுகிற வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.